கோல் போடாத பையன்

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்துக்குப் பிராயச்சித்தமாக, 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி இரண்டு வார காலம் கணக்குப் போட வேண்டி வந்தது. வாக்கியம் என்னவோ சின்னதுதான். "இந்தப் பையனுக்குக் கால் இருக்கிறது, கண் இல்லை" என்றேன். கதை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஒரு வாக்கியம் வந்துவிடும். அது சரிதானா என்று யோசிப்பதற்குள் வாயைத் தாண்டிப் போய்விடும்.

என் கல்லூரி நாள் சிநேகிதர் ஒருவர் அந்த ஊரில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார். மணமேல்குடித் தாலுகாவில், கோட்டைப்பட்டினத்துக்குப் பக்கத்தில், பாக் ஜலசந்தியைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஊர். விசைப்படகுகள்தாம் ஊருக்குச் சோறு. கிழக்குக் கடற்கரையில் வருஷந்தோறும் ஏப்ரல் 15ஆம் தேதியிலிருந்து ஜூன் 14ஆம் தேதி வரை, 61 நாட்கள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்று தடை. மீன் குஞ்சு பொரிக்கிற காலம். படகு போகாவிட்டால் ஐஸ் வாங்க ஆள் ஏது? "எனக்கும் இப்போதுதான் ஓய்வு. வந்து 10 நாள் இருந்துவிட்டுப் போயேன்" என்று சிநேகிதர் எழுதியிருந்தார். 10 நாள் என்று போனவன் தடை முடிகிற வரை இருந்துவிட்டேன். அதற்குக் காரணம் அவர் வீட்டுச் சமையல் மட்டும் அல்ல.

தடைக்காலத்தில் ஊர் வேறு மாதிரி இருக்கிறது. படகுகளைக் கரையேற்றிப் பெயிண்டு அடிக்கிறார்கள். பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்து வலையைச் சரிபார்க்கிறார்கள். பையன்களுக்குச் சாயங்காலமானால் பந்து. அந்தத் தடவை பக்கத்து ஊர்களையும் சேர்த்து 6 குழுக்கள். ஒவ்வொன்றும் மற்ற ஐந்துடன் ஒரு தடவை ஆட வேண்டும். உள்ளூர்க் குழுவுக்கு முன்னால் நின்று ஆடுகிற ஃபார்வர்டு, நான் சொன்ன அந்தப் பையன். பிளஸ் டூ முடித்துவிட்டு மாமன் படகில் போய்க்கொண்டிருந்தவன். ஒல்லி. 9ஆம் நம்பர் பனியன் அவன் முழங்கால் வரை தொங்கும்.

முதல் ஆட்டத்தில், கோலுக்கு ஐந்தாறு கஜத்தில், எதிரே கீப்பர் மட்டும் நிற்கையில், பந்தைக் கம்பத்துக்கு மேலே தூக்கி அடித்தான். பந்து போய் ஒரு படகுக்குள் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அப்போது டீக்கடையில் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்றாவது ஆட்டம் முடிகிறபோது என் சந்தோஷம் போய்விட்டது. பையன் மூன்றிலும் கோல் போடவில்லை. எல்லைக்கோட்டில் நின்ற ஒரு சின்னப் பயல், அவன் பந்தைத் தொட்ட போதெல்லாம், "கண்ணு! கண்ணு!" என்று கத்தினான். பக்கத்தில் நின்றவர், "ரைட்டர் சார் அன்னைக்கே சொன்னாரே, கண் இல்லேன்னு" என்று எனக்கே விளக்கம் கொடுத்தார். அதைவிட மோசமான ஒரு செய்தியை அன்று இரவு சாப்பாட்டின்போது சிநேகிதர் சொன்னார். திருச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பையன்களைச் சேர்க்கிறார்களாம். தேர்வு ஆட்டத்துக்கு இந்த ஊரிலிருந்து ஒரே ஒரு ஃபார்வர்டை அனுப்பப் போகிறார்கள். அந்தப் பையனைத்தான் அனுப்புவதாக இருந்தார்களாம். "இப்போ யோசனையா இருக்கு. நீகூடச் சொன்னியே" என்றார்.

சோறு இறங்கவில்லை.

சிநேகிதரின் பேரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, விடுமுறைக்கு வந்திருந்தான். திண்ணையில் நான் புரண்டுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுக்கு ஒரு கணக்கு இருக்கு" என்றான். எக்ஸ்பெக்டட் கோல்ஸ் என்று பெயராம். கோல் எதிர்பார்ப்பு என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

விஷயம் புரிந்துகொள்ளக் கஷ்டமானது அல்ல. கோலை நோக்கி அடிக்கிற ஒவ்வொரு உதைக்கும் ஒரு மதிப்பு. இதே தூரத்திலிருந்து, இதே கோணத்தில், காலாலோ தலையாலோ அடிக்கப்பட்ட பழைய உதைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் நூற்றுக்கு எத்தனை கோலாயிற்றோ அதுதான் இந்த உதையின் மதிப்பு. பெனால்டி என்றால் 100க்கு 78 போல. 25 கஜத்திலிருந்து ஆசைக்கு ஓர் உதை விட்டால் 100க்கு மூன்றோ நான்கோ. அதே இடத்தில் காலால் அடிப்பதைவிடத் தலையால் முட்டுவதற்கு மதிப்புக் குறைவு. எல்லா உதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய பத்துக்கு ஒன்றுதான் கோல். ஒருவன் அடித்த உதைகளின் மதிப்பைக் கூட்டினால், சராசரி ஆட்டக்காரன் அந்த இடங்களிலிருந்து எத்தனை கோல் போட்டிருப்பான் என்று தெரிகிறது. அதையும் அவன் போட்ட கோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2012இல் ஆப்டா என்ற புள்ளிவிவரக் கம்பெனியில் சாம் கிரீன் என்பவர் இங்கிலாந்து ஆட்டக்காரர்களுக்கு இப்படிப் போட்டுக் காட்டினார். 2017இல் பி.பி.சி. டெலிவிஷனில் ஆட்டம் முடிந்ததும் ஸ்கோருக்குப் பக்கத்திலேயே இதையும் போட ஆரம்பித்தார்கள்.

இந்தக் கணக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பேரன் ஒரு கதை சொன்னான். எனக்குக் கணக்கைவிடக் கதையில் நம்பிக்கை அதிகம் என்பது அவனுக்குத் தெரியும். 2014 செப்டம்பரில் ஜெர்மனியில் டார்ட்மண்ட் குழு மைன்ஸ் ஊரில் 2-0 என்று தோற்றது. பயிற்சியாளர் யூர்கன் க்ளாப். அந்த வருஷம் அவர் குழு ஒரு சமயம் கடைசி இடத்துக்கே போய்விட்டது. க்ளாப்பின் காலம் முடிந்தது என்று உலகமே சொல்லிற்று. 2015 அக்டோபரில் அவர் லிவர்பூலுக்குப் போனார். போன சில வாரங்களில் இயான் கிரஹாம் என்ற பௌதிகம் படித்த ஆசாமி காகிதக் கற்றையோடு அவர் அறைக்கு வந்து அந்த மைன்ஸ் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். "நீங்கள் தோற்றிருக்கக் கூடாத ஆட்டம் அது" என்கிற தோரணையில். க்ளாப்புக்கு ஒரே உற்சாகம். அந்த ஆட்டத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவே இல்லையாம்! இலக்கங்களை மட்டும் பார்த்திருக்கிறார்.

அந்த ஆட்டத்தில் பெனால்டியைத் தவற விட்டவர் சீரோ இம்மொபீலே. அதற்கு முந்தைய பருவத்தில் இத்தாலியில் 22 கோல் போட்டு முதலிடத்தில் நின்றவர். டார்ட்மண்டில் அந்த வருஷ லீகில் அவர் போட்டது 3. தீர்ந்தான் என்று அனுப்பிவிட்டார்கள். இத்தாலிக்குத் திரும்பி லாட்சியோ குழுவில் சேர்ந்து, 2019-20இல் ஒரே பருவத்தில் 36 கோல் போட்டு அந்த நாட்டின் சாதனையைச் சமன் செய்தார். எங்கோ மைன்ஸில் பந்து தவறியபோது, அங்கேயும் ஒரு டீக்கடையில் யாராவது ஒரு வாக்கியம் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றிற்று.

மறுநாள் காலை நோட்டு வாங்கினேன்.

நல்ல வேளையாக, ஆட்டங்கள் எல்லாவற்றையும் ஒரு பையன் மொட்டை மாடியிலிருந்து செல்போனில் படம் பிடித்திருந்தான். பேரனும் நானும் உட்கார்ந்து முதல் மூன்று ஆட்டத்தையும் ஓட்டி நிறுத்தி ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். மீதி இரண்டையும் நானே திடலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினேன். கையில் பென்சிலோடு என்னைப் பார்த்த ஜனங்கள் நாவல் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்த வேலையில் எனக்கு ஒரு முன்னோர் உண்டு. சார்லஸ் ரீப் என்று இங்கிலாந்து விமானப் படையில் கணக்கு வேலை பார்த்தவர். 1950 மார்ச்சில் ஸ்விண்டன் ஊரில் ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் பென்சிலை எடுத்தவர், பிறகு பல்லாண்டுகள் அதைக் கீழே வைக்கவில்லை. இரவு ஆட்டங்களில் சுரங்கத் தொழிலாளியின் விளக்கு வைத்த தொப்பியை மாட்டிக்கொண்டு எழுதுவாராம். 1958 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைச் சுவரில் ஒட்டுகிற காகிதச் சுருள் ஒன்றில் முழுக்கக் குறித்தாராம். ஏறக்குறைய பத்து உதைக்கு ஒரு கோல் என்று அப்போதே கண்டு சொன்னவர் அவர். ஆனால் இன்னொரு இடத்தில் சறுக்கினார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் விழுகின்றன. ஆகவே பந்தைச் சுற்றி வளைக்காமல் தூக்கி முன்னால் அடியுங்கள் என்றார். கால்பந்தில் பெரும்பாலான நகர்த்தல்களே மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகின்றன. கோலும் அங்கேதானே அதிகம் விழும்? இவ்வளவு எழுதியவருக்கு இது எப்படித் தட்டுப்படாமல் போயிற்று! தாம் எழுதியது தமக்கே பிடித்துப்போனால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. இதை ஒரு காரணமாகத்தான் சொல்லி வைக்கிறேன்.

ஐந்து ஆட்டமும் முடிந்தது. பையன் அடித்தவை 16 உதைகள், கோல் பூஜ்யம். உதைகளின் மதிப்பை நானும் பேரனும் உத்தேசமாகப் போட்டோம். ஆயிரக்கணக்கான உதைகளின் பட்டியல் எங்களிடம் இல்லை. கோலுக்கு எவ்வளவு தூரம், எதிரே எத்தனை பேர் என்று பார்த்துத்தான். இரண்டு உதைகள் மூன்றுக்கு ஒன்று கோலாகக்கூடியவை. நான்கு உதைகள் ஐந்துக்கு ஒன்று. மிச்சம் பத்தும் பன்னிரண்டுக்கு ஒன்று. கூட்டினால் 2.3 கோல். அதாவது இரண்டு கோலாவது விழுந்திருக்கலாம்.

அவனுக்குப் பதிலாக அனுப்பலாம் என்று பேசப்பட்ட இன்னொரு பையன் அடித்தவை ஐந்தே உதைகள். அவற்றில் மூன்று கோல்! ஒன்று பெனால்டி. ஒன்று, தூரத்திலிருந்து அடித்த பந்து திடலில் இருந்த மணல் மேட்டில் பட்டு, கீப்பர் ஒரு பக்கம் விழ மறுபக்கமாகப் போனது. மூன்றாவது நல்ல கோல். ஐந்துக்கும் மதிப்புப் போட்டால் 1.36.

இன்னொன்றும் கணக்குப் பார்த்தேன். சாதாரணமான ஓர் ஆட்டக்காரன் அந்த 16 உதைகளையும் அடித்து, ஒன்றுகூடக் கோலாகாமல் போக எவ்வளவு சாத்தியம்? பெருக்கிப் பார்த்தால் 13க்கு ஒன்று வருகிறது. 13 பையன்களை அதே இடங்களில் நிறுத்தினால், எந்தக் குற்றமும் இல்லாமலே ஒருவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். அந்த ஒருவனைப் பார்த்துத்தான் நான் கண் இல்லை என்றேனா?

குழுவில் தீர்மானம் செய்கிறவர்கள் ஐந்து பேர். என் சிநேகிதர், பழைய சம்மாட்டி ஒருவர், பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற ஒரு டிரில் வாத்தியார், இன்னும் இரண்டு பேர். ஐஸ் கம்பெனித் திண்ணையில் கூடினோம். நோட்டைப் பிரித்து வைத்து, வக்கீல் மாதிரி பேசினேன். வாத்தியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், கோல் போடறவன் கோல் போடுவான். 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்லே பெரு நாட்டுக்கு எதிரா நம்ம தமிழ்நாட்டு சைமன் சுந்தரராஜ் போட்டாரே, அதுக்கப்புறம் ஒலிம்பிக்ஸ்லே இந்தியாவுக்கு இன்னி வரைக்கும் ஒரு கோல் இல்லே. அவர் தவற விட்டதை யாராவது எண்ணினாங்களா?" என்றார்.

"எண்ணவில்லை. அதைத்தானே சொல்கிறேன்" என்றேன். சுனில் சேத்ரியைச் சாட்சிக்கு இழுத்தேன். 2024 ஜூனில் கல்கத்தாவில் குவைத்தோடு ஆடி, தேசிய அணியிலிருந்து விலகினார். அதற்கு முந்திய இரண்டு பருவங்களில் இந்தியன் சூப்பர் லீகில் அவருக்குக் கோல் வற்றிப் போயிருந்தது. கிழவன் ஆகிவிட்டார் என்றார்கள். 2024-25இல், நாற்பது வயது முடிந்தவர், 14 கோல் போட்டார். அந்தப் பருவத்தில் இந்திய ஆட்டக்காரர் யாரும் அவ்வளவு போடவில்லை. 2025 மார்ச்சில் தேசிய அணிக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக அவர் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். "வற்றியிருந்தபோது முடிவு கட்டியிருந்தால்?" என்று கேட்டு நோட்டைத் தட்டினேன். வாத்தியார், "அவர் சேத்ரி, சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதுவரை பேசாமலிருந்த சம்மாட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"சார், கடல்லே வெறும் வலை ரெண்டு விதமா வரும். மீன் இல்லாத எடத்துலே வலை விட்டாலும் பாடு இல்லே. மீன் கெடக்கிற எடத்துலேயே விட்டு, மடி கிழிஞ்சு போனாலும் பாடு இல்லே. முதல் ஆளுக்குக் கடல் தெரியலேன்னு அர்த்தம். ரெண்டாவது ஆளுக்குக் கடல் தெரியும். நீங்க சொல்றது இதுதானே?"

எனக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தனை மேல்நாட்டுக் கணக்கையும் இவ்வளவு சுருக்கமாக யார் சொல்ல முடியும்? பையன் 16 தடவை அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறான். அப்படிப் போய்ச் சேருவதுதான் ஒரு ஃபார்வர்டின் வித்தை. வருஷத்துக்கு வருஷம் நிலைத்து நிற்பதும் அதுவே. எதிர்பார்ப்புக்கு மேலே போடுவதும் கீழே போடுவதும் பெரும்பாலானவர்களுக்கு அடுத்த வருஷம் மாறிவிடுகிறது. கொரியாவின் சோன் ஹ்யூங்-மின் போன்ற சிலர் விலக்கு. 2021-22இல் அவர் இங்கிலாந்து பிரீமியர் லீகில் ஒரு பெனால்டிகூட இல்லாமல் 23 கோல் போட்டார், கணக்கோ அதைவிட வெகுவாகக் குறைத்துத்தான் சொன்னது. ஆனால் சோன் மாதிரி எத்தனை பேர்?

"ஆனா ஒண்ணு" என்றார் சம்மாட்டி. "மடி எதனாலே கிழிஞ்சுதுன்னு உங்க நோட்டிலே இல்லியே. பாறையிலே மாட்டிக் கிழிஞ்சா அது விதி. வலையே இத்துப்போய்க் கிழிஞ்சா?"

எனக்குப் புரியவில்லை.

"அவன் மாமன் படகு பிடிபட்டு அக்கரையிலே கெடக்கு. ஆளுங்க திரும்பிட்டாங்க, படகு வரலே. படகுக்கு வாங்கின கடன் இருக்கு. அந்தப் பையன் திடலுக்கு வர்றதுக்கு முன்னாடி வீட்டிலே என்ன கேட்டுட்டு வர்றான்னு எங்களுக்குத் தெரியும். தூரத்திலே பந்து வந்தா நல்லாத்தான் அடிக்கிறான். கோல் வாய்க்கு வந்தா அவன் கால் நடுங்குது. நான் கண்ணாலே பாத்தேன். இப்போ அவனைத் திருச்சிக்கு அனுப்பினா, அங்கே நடுங்க மாட்டானா?"

நான் நோட்டைப் பார்த்தேன். பேரன் சொன்னது ஞாபகம் வந்தது. இந்தக் கணக்குக்கு யார் அடிக்கிறான் என்பது தெரியாது. எல்லாரையும் சராசரி ஆளாகத்தான் வைத்துக்கொள்ளும். கால் நடுங்குகிறதா, வெறும் துரதிருஷ்டமா என்று பிரித்துச் சொல்ல 16 உதை போதாது, 160 வேண்டும். சம்மாட்டியின் கண்ணுக்கும் 16 உதைதான் கிடைத்தது என்று நான் வாதாடியிருக்கலாம். வாதாடினேன். ஆனால் குரலில் பழைய பலம் இல்லை. முதல் ஆட்டம் முடிந்ததிலிருந்து ஊரே சேர்ந்து "கண்ணு! கண்ணு!" என்று கத்தியதில் ஒரு கால் நடுங்கியிருந்தால், அந்த நடுக்கத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு அல்லவா? சம்மாட்டி அதைச் சொல்லவில்லை. நாகரிகமான மனிதர்.

மூன்று கோல் போட்ட பையனையே அனுப்புவது என்று தீர்மானம் ஆயிற்று. ஐந்தில் மூன்று பேர் அந்தப் பக்கம். என் சிநேகிதர் எனக்காகக் கை தூக்கினார் என்றுதான் நினைக்கிறேன். அவர் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. சம்மாட்டியும், நான் எதிர்பார்க்காத விதமாக, என் பக்கம்தான். "நடுங்கினா நடுங்கட்டும், போய்ப் பாத்துட்டு வரட்டுமே" என்றார். போதவில்லை.

ஜூன் 14 ராத்திரி ஊர் விழித்துக்கொண்டது. படகுகளுக்கு டீசல் ஏறிற்று. சிநேகிதரின் கம்பெனியில் ஐஸ் பார்களை உடைக்கிற சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. பையன் அங்கே ஐஸ் கூடை தூக்கிக்கொண்டிருந்தான். வேறு ஒரு சம்மாட்டி படகில் விடியற்காலை போவதாக ஏற்பாடு. அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். டீக்கடையில் சொன்னதைச் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். அவனுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. "பரவாயில்லை, சார்" என்றான். அதைத் தவிர வேறு என்ன சொல்வான், பாவம்.

நோட்டைக் காட்டினேன். கூடையை இறக்கி வைத்து, ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஒவ்வொரு உதையாக விரலை வைத்துப் படித்தான். நாலாவது ஆட்டத்தில், இடது பக்க மூலைக்குப் பக்கத்தில் நான் போட்டிருந்த ஒரு புள்ளியில் விரல் நின்றது. பன்னிரண்டுக்கு ஒன்று என்று எழுதியிருந்தேன்.

"இது ஷாட் இல்லை, சார்" என்றான். "உள்ளே ஆள் வருவான்னு கிராஸ் போட்டேன். தப்பாப் பட்டு கோல் பக்கம் போயிடுச்சு. இதைச் சேக்கக் கூடாது."

"சேர்த்தால் உனக்குத்தானே நல்லது?" என்றேன்.

"அடிக்காததை எப்படி, சார்?" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

திண்ணையில் உட்கார்ந்து அந்தப் புள்ளியை அடித்துவிட்டு மறுபடி கூட்டினேன். 15 உதைகள், 2.2 கோல். எல்லாமே தப்பிப் போவதற்கான சாத்தியம் 13க்கு ஒன்று என்றிருந்தது 12க்கு ஒன்று ஆயிற்று. முதல் படகு எஞ்சினைக் கிளப்பிய சத்தம் கேட்டது. அவன் போகிற படகு எது என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று அப்போதுதான் நினைத்தேன்.